லேப்ஸ்: நழுவியது யார் கையில் விழுந்தது?

ஆங்கிலத்திலிருந்து வந்து, மொழிபெயர்க்க எவரும் மெனக்கெடாமல் நம்மிடையே புழங்கும் சொற்களில் ஒன்று ‘லேப்ஸ்’. தவணை கட்டாத பாலிசி லேப்ஸ் ஆகிறது. எடுக்காத விடுமுறை லேப்ஸ் ஆகிறது. மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காத நிதி லேப்ஸ் ஆகிறது. அந்தப் பயத்தில்தான் பிப்ரவரி வரை தூங்கிய சாலைப் பணிகள் மார்ச்சில் இரவோடு இரவாக நடக்கின்றன. மக்களவை கலைக்கப்பட்டால் அங்கே நிலுவையில் இருந்த மசோதாக்களும் லேப்ஸ் ஆகின்றன. கோப்பில் ‘காலாவதி’ என்று எழுதும் அதே குமாஸ்தா, வாயைத் திறந்தால் லேப்ஸ் என்றுதான் சொல்வார்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு தலைவரின் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அதுவும் லேப்ஸ். நடுப்பேச்சில் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் போனால் அதுவும் லேப்ஸ். பல ஆண்டுகள் குடியை விட்டிருந்தவர் மறுபடி தொட்டால் மருத்துவர் சொல்வது ரிலேப்ஸ். தவறுவதும் கெடு முடிவதும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின? நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் ஊரின் வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு ஒரு பெரிய பங்கு இருப்பதால் இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லாபி’ என்ற வினைக்கு வழுக்குதல், சறுக்குதல், நழுவி விழுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘லாப்சுஸ்’. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. முன்னொட்டு மாற மாற அதன் பிள்ளைகள் பெருகின. சேர்ந்தாற்போல் சரிந்தால் கொலேப்ஸ், காலம் நழுவிப் போனால் இலேப்ஸ், உறுப்பு இடம் நழுவி இறங்கினால் புரோலேப்ஸ். மலையேற ஏற வெப்பம் குறையும் விகிதத்துக்கும் வானிலை அறிஞர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர் ஊட்டியில் சால்வை தேடுவதற்கு அந்த விகிதமே காரணம்.

லத்தீன் கவிஞர்கள் இந்த வினையைக் குற்றத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்கவில்லை. விண்மீன் வானத்தில் வழுகிச் செல்வதும், பாம்பு புல்லில் நெளிந்து போவதும், ஆறு சலசலப்பில்லாமல் ஓடுவதும் அதே வினைதான். அழகாகப் போவதும் கால் இடறி விழுவதும் அங்கே ஓர் அசைவின் இரு நிலைகள்.

தமிழில் இவ்விரண்டும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. பிரிந்த விதம் என்னை எப்போதும் வியக்க வைக்கும். ஒழுகுவது ஒழுக்கமாயிற்று. இழுக்குவது, அதாவது வழுக்குவது, இழுக்காயிற்று. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்று வள்ளுவர் சொல்லும்போது அந்த இழுக்கல் வெறும் சேற்று வழுக்கல்தான். கையில் கோல் வேண்டிய இடம். அதே வேர் ‘ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி’ என்னும் குறளில் பழியாக முற்றிவிடுகிறது. வழு என்ற சொல்லும் அதே வழியில் போயிருக்கிறது. தரையில் வழுக்கியது, இலக்கணத்தில் திணை வழு, பால் வழு என்று பிழையின் பெயராயிற்று. பொறுத்துக்கொள்ளத் தக்க பிழைக்கு வழுவமைதி என்று ஓர் இடமும் கிடைத்தது. பழையன கழிதலும் புதியன புகுதலும் ‘வழுவல’ என்று நன்னூல் தீர்ப்புச் சொல்கிறது. ரோமாபுரியும் தமிழகமும் ஒன்றையொன்று கேட்காமலே, வழுக்கலிலிருந்து குற்றத்துக்கு ஒரே படியில் இறங்கியிருக்கின்றன.

வாய் தவறிச் சொல்வதை லத்தீனில் ‘லாப்சுஸ் லிங்குவே’ என்பார்கள், நாவின் வழுக்கல். ‘ஒழுக்கம் உடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்’ என்ற குறளின் ‘வழுக்கியும்’ அதேதான். ‘இழுக்காமை யார்மாட்டும் என்றும் வழுக்காமை வாயின் அதுஒப்பது இல்’ என்ற இன்னொரு குறளில் இரண்டு வழுக்கல்களும் அடுத்தடுத்து வருகின்றன. அது இடம்பெறும் அதிகாரம் பொச்சாவாமை. மறதியால், மிதப்பால், கவனம் நழுவுவதைப் பற்றிப் பத்துக் குறள். இன்று நாம் பாதுகாப்பு லேப்ஸ் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கென்றே எழுதப்பட்ட அதிகாரம் என்று கூடச் சொல்வேன்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் வழுக்கினால் வழுக்கியவர் இருக்கிறார். குறளில் அந்த ஆள் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறார். ஐரோப்பாவிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தெசியுஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்குச் சான்றிதழ் தரப்பட்டது. எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானம் வார்த்தேன், படையலைச் சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன்’ என்கிற பாணியில் மனு, கீழே அதிகாரிகளின் ஒப்பம். அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர்களும் உண்டு. பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. துன்புறுத்தல் ஓய்ந்து அவர்கள் சபைக்குத் திரும்பியபோது கிடைத்த பெயர் ‘லாப்சி’: வழுக்கி விழுந்தவர்கள். அவர்களை மறுபடி சேர்ப்பதா கூடாதா என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனும் ரோமின் நோவாசியனும் எதிரெதிரே நின்றார்கள். திருச்சபையே பிளந்தது. ஆனாலும் விழுந்தவர் யார் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. விழுந்தவரைத் தூக்கலாமா என்பதே பேச்சு.

சொல் நிறம் மாறியது பின்னால், சட்டத்தின் கையில். இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்தில் ஓர் ஊர்க் கோயிலுக்குக் குருவை முன்மொழியும் உரிமை அந்த ஊரின் புரவலருக்கு இருந்தது. இடம் காலியாகி ஆறு மாதத்துக்குள் அவர் யாரையும் முன்மொழியாவிட்டால் அந்த உரிமை லேப்ஸ் ஆகி ஆயருக்குப் போகும். ஆயரும் ஆறு மாதம் சும்மா இருந்தால் பேராயருக்கு. அவரும் இருந்துவிட்டால் அரசனுக்கு. இங்கே விழுவது மனிதர் இல்லை, உரிமை. அது தரையிலும் விழுவதில்லை. படிப்படியாக மேலே இருப்பவர் மடியில் விழுகிறது. கீழே விழுதல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு உடைமையை மேல்நோக்கி நகர்த்தும் இந்த வித்தையைச் சட்டம் அன்று கற்றுக்கொண்டது. பிறகு அதை மறக்கவே இல்லை.

அந்த வித்தையின் உச்சத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம்: டல்ஹௌசி பிரபுவின் வாரிசு இழப்புக் கொள்கை. பழைய பாடநூல்களில் அவகாசியிலிக் கொள்கை என்று இருக்கும். ஆங்கிலப் பெயர் வெறும் ‘லேப்ஸ் கோட்பாடு’. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் இருக்கும் ஓர் அரசர் ஆண் வாரிசின்றி இறந்தால், அவர் எடுத்த தத்துப் பிள்ளையைக் கம்பெனி ஏற்காவிட்டால், நாடு லேப்ஸ். டல்ஹௌசிக்கு முன்பே இது புழக்கத்தில் இருந்தது. 1824-இல் கித்தூர் ராணி சென்னம்மா வாளெடுத்தது தத்துப் பிள்ளையைக் கம்பெனி மறுத்ததால்தான். டல்ஹௌசி அதை அன்றாட நிர்வாக நடைமுறையாக்கினார். 1848-இல் சதாரா. பிறகு சம்பல்பூர், ஜான்சி, நாக்பூர். ஜான்சி மன்னர் கங்காதர் ராவ் 1853 நவம்பரில் இறப்பதற்கு முந்தைய நாள்தான் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். சாஸ்திரப்படி அந்தத் தத்தில் குறையில்லை. கம்பெனிப்படி நாடு வாரிசற்றது.

தஞ்சாவூரின் கதை இன்னும் கசப்பானது. எங்கள் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியே தத்துப் பிள்ளைதான். துளஜா மன்னர் 1787-இல் சாவதற்குச் சற்று முன் அவரைத் தத்தெடுத்தார். கம்பெனி அந்தத் தத்து செல்லாது என்று முதலில் சொல்லி துளஜாவின் சகோதரர் அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. பத்தாண்டு கழிந்து, தத்து செல்லும் என்று மாற்றிச் சொல்லி 1798-இல் சரபோஜியை அமர்த்தியது. மறு ஆண்டே ஓர் ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், உலகமே பார்க்க வந்த ஒரு நூலகமும். ஒரே தத்து, தேவைக்கேற்றபடி ஒருமுறை செல்லாமலும் ஒருமுறை செல்லுபடியாகவும் ஆயிற்று என்பதை ஐம்பது ஆண்டு கழித்து வந்த லேப்ஸ் கோட்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரபோஜியின் மகன் சிவாஜி 1855 அக்டோபர் 29 அன்று இறந்தார். ஆண் பிள்ளை இல்லை. மகள்கள் இருந்தார்கள், பல அரசிகள் இருந்தார்கள். இந்து அரசரின் மகளுக்கு அரசுரிமை எந்தச் சட்டத்திலும் வழக்கத்திலும் இல்லை என்று கம்பெனி இயக்குநர்கள் முடிவு கட்டினார்கள். மறு ஆண்டு கம்பெனியின் அதிகாரி படையோடு அரண்மனைக்கு வந்தார். அறைகள் பூட்டப்பட்டன, பெட்டிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது, வாசலில் காவல் நின்றது. அரசு மட்டும் போகவில்லை. மன்னரின் சொந்த நகை, நிலம், வீட்டுப் பொருள் எல்லாம் போயின.

மூத்த அரசி காமாட்சி பாய் அன்று சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு போனால் போகட்டும், என் கணவரின் சொந்தச் சொத்து எனக்குரியது என்பது அவர் வழக்கு. சென்னையில் அவர் வென்றார். அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல் அதைத் தலைகீழாக்கியது. அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம்: கம்பெனி செய்தது ‘அரசின் செயல்’, அது நியாயமா அநியாயமா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. பத்திரத்தில் தானாக நழுவியது போல எழுதப்பட்ட ஒன்றை, படை வைத்து எடுத்த செயல் என்று அந்த நீதிபதிகள் வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். எழுதியதாலேயே அரசி தோற்றார். 1862-இல் அரசு சொந்தச் சொத்தை அரசிகளுக்குத் திருப்பித் தந்தது. உரிமை என்று சொல்லித் தரவில்லை, கருணை என்று சொல்லித் தந்தது.

இன்று தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் பளிங்குச் சிலை கைகூப்பி நிற்கிறது. சுற்றுலா வருபவர்களுக்கு மராத்தியர் ஆட்சி 1855-இல் ‘முடிவுக்கு வந்தது’ என்று சொல்லப்படுகிறது. எனக்கு அந்த ‘வந்தது’ உறுத்தும். முடிவு தானாக நடந்து வரவில்லை, கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள்.

சரித்திரம் இந்தச் சொல்லை ஆங்கிலேயர் பக்கமும் திருப்பியது. 1947-இன் இந்திய விடுதலைச் சட்டம், 7-ஆம் பிரிவு: சமஸ்தானங்கள் மீது மாட்சிமை தங்கிய மன்னருக்கு இருந்த மேலாதிக்கம் ‘லேப்ஸ்’ ஆகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன் சதாராவை விழுங்கிய அதே வினைச்சொல். இம்முறை அது விழுந்த இடம்தான் சண்டைக்கு வித்திட்டது. மேலாதிக்கம் அரசர்களிடமே திரும்புகிறது என்றது ஆங்கிலேயர் தரப்பு. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசுவாமி ஐயர் தனிநாடு என்றார். ஹைதராபாத் நிஜாமும் அதே கனவில் இருந்தார். எழுத்துப்படி பார்த்தால், ஒரே நாளில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களின் உடன்படிக்கைகள் காற்றில். போக்குவரத்து, தபால், சுங்கம் போன்றவற்றை மட்டும், ஒரு தரப்பு மறுக்கும் வரையிலோ புதிய ஒப்பந்தம் வரும் வரையிலோ தொடரச் சட்டம் விட்டுவைத்தது. அவை நிலைப்பதற்குத் தனித்தனியாக ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. வல்லபபாய் படேலும் அவர் துறையின் செயலர் வி.பி. மேனனும் கீழே விழ விடாமல் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

அரசர்கள் போகட்டும். இந்தச் சொல்லை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது ஆயுள் காப்பீடு. என் அத்தை வீட்டுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. பாலிசி லேப்ஸ் நிலையில் உள்ளது என்று ஒரே வரி. யார் செய்தார்கள், எதனால், அதில் இல்லை. அத்தை படிப்பு அதிகம் இல்லாதவர், கடிதத்தை என்னிடம் கொடுத்து, “தம்பி, பாலிசி போனது சரி. கட்டிய பணம் இப்போது யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டார். லேப்ஸ் என்று எங்கே கேள்விப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று நினைக்கிறேன்.

விதி இதுதான்: மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக் காலம். அது தாண்டினால் லேப்ஸ். இந்த விதி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 1997-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கு போதும். ஒருவருக்கு 1987 மார்ச்சில் தவணை கட்ட வேண்டிய நாள். சலுகைக் காலம் தாண்டி, ஜூனில் அவர் தம் ஏஜென்டிடம் காசோலையாகக் கொடுத்தார். ஏஜென்ட் தரப்பில் பணமாக்கியும் ஆயிற்று. ஆகஸ்ட் 9 அன்று அவர் விபத்தில் இறந்தார். அந்தத் தவணை நிறுவனத்தின் கணக்கில் ஏறியது ஆகஸ்ட் 10. தவணை வசூலிக்க ஏஜென்டுக்கு அதிகாரம் இல்லை, எனவே பாலிசி லேப்ஸ்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஊரில் எத்தனை பேர் இன்றும் தெரிந்தவர்தானே என்று ஏஜென்டின் கையில் பணத்தைத் திணிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அலுவலகத்திலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

லேப்ஸ் ஆன பாலிசியை உயிர்ப்பிக்கலாம். பாக்கித் தவணை, அதற்கு வட்டி, கேட்டால் உடல்நலச் சான்று. பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, மூன்று ஆண்டு கடந்துவிட்ட பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. பத்து வருடப் பாலிசியானாலும் நடுவே லேப்ஸ் ஆகி உயிர்ப்பித்தால், அந்த மூன்று ஆண்டு உயிர்ப்பித்த தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். நழுவவிட்டவர் கவசத்தையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

இத்தனை நூற்றாண்டில் இந்தச் சொல் எளியவர் பக்கம் சாய்ந்த ஓர் இடத்தைத்தான் என்னால் சுட்ட முடிகிறது. 2013-இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், 24(2) பிரிவு. பழைய 1894 சட்டத்தின்கீழ் ஐந்து ஆண்டுக்கு முன்பே இழப்பீட்டுத் தொகை முடிவாகியும், அரசு நிலத்தைக் கையில் எடுக்காமலோ அல்லது பணம் கொடுக்காமலோ விட்டிருந்தால், கையகப்படுத்தியதே லேப்ஸ். டல்ஹௌசியின் சொல் அரசின் மீதே திரும்பியது. காத்திருந்து களைத்த விவசாயிக்கு நிலம் மீண்டது. நாடு முழுவதும் வழக்குகள் குவிந்தன. 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தப் பிரிவில் இருக்கும் ‘அல்லது’ என்பதை இரண்டுமே நடக்காதிருந்தால் என்று படிக்க வேண்டும் என்றது. பணம் தராவிட்டாலும் நிலத்தை எடுத்திருந்தால் லேப்ஸ் இல்லை. எடுத்ததாக அதிகாரி மகஜர் எழுதியிருந்தால் அது எடுத்ததாகவே கொள்ளப்படும். எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டமியற்றியவர்கள் ‘அல்லது’ என்று எழுதியது, இரண்டில் ஒன்றே போதும் என்பதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

தமிழ்நாடு அதற்கும் ஒரு படி மேலே போனது. நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்காக நிலம் எடுக்கும் மாநிலத்தின் மூன்று சட்டங்களும் புதிய மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டுச் செல்லாமல் போய்விட்டன என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சில நாளிலேயே சட்டமன்றம் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றி, மூன்றையும் 2013 செப்டம்பர் 26 முதல் முன்தேதியிட்டு எழுப்பி நிறுத்தியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது, காப்பீட்டு அலுவலகத்தில் உயிர்ப்பித்தலுக்குச் சொல்லும் அதே சொல்: ரிவைவல். அரசிடம் பாக்கித் தவணையோ வட்டியோ உடல்நலச் சான்றோ யாரும் கேட்கவில்லை.